திறந்த மாவுக்கடையும் திறக்காத மாவுக்கடையும்

1

இன்று காலை இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று கைப்பேசியில், இன்னொன்று தபால் பெட்டியில்.

கைப்பேசியில் வந்தது என் தம்பி சகாயத்தின் வீடியோ. திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், வாழைமரம் கட்டி சீரியல் பல்பு தொங்கவிட்ட ஒரு கடை வாசலில் நின்று கையை ஆட்டுகிறான். "அக்கா, மாவுக்கடை தெறந்தாச்சு! ஃபாதர் வந்து மந்திரிச்சுட்டுப் போயிட்டாரு. நீ என்ன இன்னும் தூங்கிட்டா இருக்க?" போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் இந்தக் கடை யோசனையே அவனுக்கு வந்தது. இன்று வியாழக்கிழமை.

தபாலில் வந்தது நான் வசிக்கும் ஊரின் நகராட்சிக் கடிதம். என் மாவுக்கடைக்கான விண்ணப்பத்தை இப்போதைய நிலையில் மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது, விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தது. கடைசி வரியில் 'நட்பான வணக்கங்களுடன்'. இந்த நாட்டில் கழுத்தறுக்கிற கடிதத்தையும் அப்படித்தான் முடிப்பார்கள்.

நான் ஜெசிந்தா. ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறேன். கணவர் அருள் இங்கே பம்பு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். எனக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை நேர வேலை. ஒரே மகள் ரோஸ்லின், இதே நகராட்சி அலுவலகத்தில் பயிற்சி ஊழியர். ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒன்றைக் கேட்பார்கள்: "அங்கதான் எல்லாம் ஒழுங்கா இருக்குமே, சொந்தமா எதாச்சும் போட வேண்டியதுதான?" அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறின பிறகு எழுதலாமே என்றார் அருள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

2

இங்கே குளிர்காலத்தில் மாவைப் பொங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஹீட்டர் பக்கத்தில் வைத்து, பழைய போர்வையால் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். எனக்கு அது எப்படியோ கைவந்துவிட்டது. முதலில் பக்கத்துத் தெருத் தமிழ்க் குடும்பம் கேட்டது. அப்புறம் மலையாளிகள், தெலுங்குக்காரர்கள். பிறகு மேல் வீட்டு கிறிஸ்டா அம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். ரோஸ்லின் பிறந்தநாளுக்கு ஒரு தோசை சாப்பிட்டதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் கிண்ணத்தோடு இறங்கி வருவார்.

எங்கள் தெரு முனையில் ஒரு பேக்கரி பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பேக்கரிக்காரருக்கு வயதாகிவிட்டது, மகன் இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். கண்ணாடியில் பழைய பேப்பர் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அந்தப் பேப்பர் இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் எனக்கு அதில் கிரைண்டர் ஓடுவது தெரிந்தது. அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள், எனக்கும் வயது ஏறுகிறது. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு கதவு, அதை நானே காலையில் திறந்து சாயந்திரம் நானே பூட்ட வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

சொன்னேன். சொன்ன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: "ஏன்?"

முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர், "ஏன், இங்கே ஏதாவது குறையா?" என்று கவலையோடு கேட்டார். வங்கியில் இருந்த பெண், கணவருக்கு நல்ல வேலை இருக்கும்போது ஏன் என்றாள். அருள் தன் பங்குக்கு, "நல்லாத்தான இருக்கோம், ஏன் ஜெசி?" என்றார். ரோஸ்லினும் கேட்டாள். கிறிஸ்டா அம்மா மட்டும், இனி மாடிப்படி இறங்கி வந்தால் போதாது, தெரு முனை வரை நடக்க வேண்டுமா என்று வருத்தப்பட்டார்.

திண்டுக்கல்லில் ஒருவன் கடை போடப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். எவனும் ஏன் என்று கேட்க மாட்டான். "எங்கன?" என்பான். இடத்தைச் சொன்னதும், "அங்க டீக்கடை போட்டவன் ஆறு மாசத்துல ஓடிப்போனான், பாத்துக்க" என்று ஒரு பயமுறுத்தல். அடுத்தது, "என்னைக்குத் தெறப்பு?" அவ்வளவுதான். ஏன் கடை போடுகிறான் என்பது எல்லாருக்கும் தெரியும். சோற்றுக்குத்தான்.

ஒரு நாட்டில் நிறையப் பேர் சொந்தத் தொழில் தொடங்குகிறார்கள், இன்னொரு நாட்டில் அவ்வளவு பேர் இல்லை, இது ஏன் என்று டிவியில் நிபுணர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். கலாசாரம், வரி, கல்வி என்று என்னென்னவோ சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த நாட்டில் முதலில் என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

3

மீதிப் பாதிக்குச் சகாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ்ஸிலேயே போய் வந்தவர். அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. பிள்ளைகளில் ஒன்று சர்க்கார் வேலைக்குப் போக வேண்டும். இன்னொன்றும் சர்க்கார் வேலைக்குப் போக வேண்டும். நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். சகாயம் எஞ்சினியரிங் படித்தான், சர்க்கார் பரீட்சையாக எழுதித் தள்ளினான், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கடை போட ஆரம்பித்தான்.

முதலில் ரவுண்ட் ரோட்டில் செல்போன் கவர். பிறகு கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் ஸ்வெட்டரும் குல்லாவும். கொடைக்கானல் போகிறவர்கள் அங்கேதானே இறங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். வேர்த்து வழிய ரயிலை விட்டு இறங்குகிறவன் ஸ்வெட்டரைத் தொடுவானா? மலை மேலே போய்க் குளிர் எடுத்த பிறகு அங்கேயே வாங்கிக்கொள்கிறான். அந்த வருடம் எங்கள் சொந்தத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் பரிசு ஸ்வெட்டர்தான். அடுத்து அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கப் போனான். ஆட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்லத் தெரியாதவன். ஓட்டி வந்ததெல்லாம் கிழட்டு ஆடுகள். அவன் மனைவி ஸ்டெல்லா அவற்றைப் பார்த்துவிட்டு, "இதுக எல்லாம் மாமாகூடப் படிச்சதுக போல" என்று எங்கள் அப்பாவைக் காட்டிச் சொன்னாளாம்.

இத்தனை முறை விழுந்தும் யாரும் அவனிடம் துக்கம் விசாரிக்கவில்லை. கோயில் வாசலில் பார்க்கிறவர்கள், "என்னப்பு, அடுத்து என்ன போடப்போற?" என்றுதான் கேட்டார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

ஒரு முறை போனில் கேட்டேன். "ஏலே, ஒனக்கு இம்புட்டுத் துணிச்சல் எங்கேருந்துடா வந்துச்சு?"

"துணிச்சலா? போக்கா, நீ வேற. மாசம் பொறந்தா சம்பளம் வார ஆளுகளுக்குத்தான் அதெல்லாம். சும்மா உக்காந்திருந்தா ஸ்டெல்லா மொகத்தப் பாக்க முடியல. அதான் எதையாச்சும் போடுறேன்."

பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. "அவுக தைரியமா கடை போடுவாக. நான் கவரிங்கப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவேன். அதையும் கேளுங்க மதினி."

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. சகாயம் விழுந்தபோதெல்லாம் தாங்கிப் பிடித்தது எந்த அரசாங்கமும் இல்லை. ஸ்டெல்லாவின் நகையும் அப்பாவின் பென்ஷனும்தான். தொழில் செய்கிறவர்கள் நிறைந்த ஊர் என்று எங்கள் ஊரைச் சொல்லிக்கொள்கிறோம். வேறு வழி இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் கடை போட்டிருப்பார்கள்? சகாயத்துக்கு மட்டும் ஒரு சர்க்கார் உத்தரவு கையில் கிடைத்திருந்தால், ஸ்வெட்டர் கடை வைக்க அவனுக்கு என்ன பைத்தியமா?

இங்கே ஜெர்மனியில் வேறு வழி இருக்கிறது. சம்பளம், மருத்துவம், விடுமுறை, கிழவியான பிறகு பென்ஷன். அதனால்தான் ஏன் என்று கேட்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நியாயத்தை என் தலையில் கட்டும்போதுதான் எரிச்சல் வருகிறது.

4

போன வருடம் இலையுதிர்காலத்தில் விண்ணப்பித்தேன். பேக்கரியாக இருந்த இடம்தானே, மாவு அரைக்க என்ன தடை என்று நினைத்தேன். பல வருடம் பூட்டிக் கிடந்ததால் பழைய அனுமதி காலாவதியாகிவிட்டதாம். அது இப்போது பேக்கரியும் இல்லை, கடையும் இல்லை, வெறும் சுவர்தானாம். அதைக் கடையாகப் பயன்படுத்தப் புது அனுமதி வேண்டும். அதற்குக் கட்டட வரைபடம் வேண்டும். வரைபடம் போட அதற்கென்று உரிமம் உள்ள ஒருவர் வேண்டும். அவருக்கு நேரம் இருக்க வேண்டும்.

கை கழுவ ஒரு தொட்டி, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, உளுந்து கழுவ ஒரு தொட்டி. சரி, வைத்தோம். கோயம்புத்தூர் கிரைண்டரைக் கப்பலில் வரவழைத்து வைத்திருந்தேன். அதில் ஐரோப்பிய முத்திரை இல்லை, வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கடையில் கூடாது என்றார்கள். முத்திரை உள்ளதாக வேறொன்று தேடினோம். உணவுப் பிரிவிலிருந்து ஓர் அம்மா வந்தார். பாக்கெட் ஏன் உப்புகிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில், "இல்லை, அது உயிரோடு இருக்கிறது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஆய்வகப் பரிசோதனை.

ஒவ்வொரு தடவையும் சகாயத்துக்குப் போன் போட்டுப் புலம்புவேன். அவன் பொறுமையாகக் கேட்பான். "மூணு தொட்டியா? நல்ல ஐடியாவா இருக்கே. பாக்கெட்டுல தேதி போடணுமா? ஓஹோ." அத்தனையையும் அவன் எவ்வளவு கவனமாக மனதில் வாங்கியிருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது.

அப்போதெல்லாம் எங்கள் தெருவில் மாவு விற்ற ரெஜினாக்கா ஞாபகம் வரும். வாசலில் ஒரு கிரைண்டர், சிலேட்டில் 'மாவு கிடைக்கும்'. வேறு எந்த முன்னேற்பாடும் கிடையாது. எங்கள் தெரு முழுக்க அவர் மாவில்தான் தோசை சுட்டது. இங்கே உட்கார்ந்து, ரெஜினாக்கா எந்த ஆபீசுக்குப் போனார் என்று பொருமுவேன். பொருமி முடிக்கும்போது அந்தக் கதையின் முடிவும் ஞாபகம் வந்து தொலைக்கும். ஒரு நாள் கிரைண்டர் ஷாக் அடித்து விழுந்தார். வலது கை பழையபடி வரவில்லை. சிலேட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மறு வாரமே அடுத்த தெருவில் இன்னொரு வீட்டு வாசலில் கிரைண்டர் ஓடியது, நாங்களும் அங்கே வாங்கப் பழகிக்கொண்டோம். ரெஜினாக்காவின் பெரிய மகள் பத்தாவதோடு மில் வேலைக்குப் போனாள். முத்திரை இல்லாத கிரைண்டரைக் கடையில் வைக்காதே என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. இங்கே அதைச் சொல்ல ஒரு கட்டடம் நிறைய ஆள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடு இருந்தால் நான் அங்கே குடியேறிவிடுவேன்.

5

எல்லாம் முடிந்து, கடைசிக் கையெழுத்து ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. இன்னும் சில வாரங்களில் வந்துவிடும் என்றார்கள். அப்போதுதான் நாங்கள் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

அதற்கு அடுத்த வாரம் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் வரைக்கும் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டோம். கல்யாணம் இல்லை, புதுமனை புகுவது இல்லை, கடை திறப்பது இல்லை. சகாயம் போனில் பறந்தான். "அக்கா, இந்த வியாழன விட்டா பாஸ்கா வரைக்கும் ஒண்ணும் கெடையாது. அனுமதி பின்னாடி வரட்டும். ஃபாதர விட்டு மந்திரிச்சு ஒரே ஒரு போணி பண்ணு. பண்ணிட்டுப் பூட்டிப் போட்டுரு. போணி ஆகிட்டா கடை தெறந்த மாதிரிதான். ராகு காலம் மட்டும் பாத்துக்க."

ஞானஸ்நானம் வாங்கிப் பல தலைமுறை ஆனாலும் ராகு காலத்திடமிருந்து எங்களுக்கு விடுதலை இல்லை.

ரோஸ்லின் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அம்மா, ஒரு பாக்கெட்கூட விற்கக் கூடாது. அது சட்டம்." அவள் தமிழ் அப்படித்தான், பாடப் புத்தகத்திலிருந்து எடுத்ததுபோல இருக்கும். "விக்கலடி, போணிதான் பண்றோம்" என்றேன். அதற்கு என்ன வித்தியாசம் என்று கேட்டாள். எனக்கு அது வித்தியாசமாகத் தெரிந்தது.

பக்கத்து ஊர்ப் பங்கில் இருக்கும் மலையாள ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். ஐந்தாறு குடும்பங்கள் வந்திருந்தன. முதல் போணிக்குக் கைராசியான ஆள் வேண்டுமே? கிறிஸ்டா அம்மாதான் என்று அருள் சொன்னார். அந்த அம்மா கையால் நட்ட செடி எதுவும் பட்டுப்போவதில்லை. அவர் ஒரு பாக்கெட் எடுத்துக்கொண்டு என் உள்ளங்கையில் ஒரு நாணயத்தை வைத்தார். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

கிறிஸ்டா அம்மாவுக்கு ஒரே பெருமை. அன்று எடுத்த போட்டோவை எங்கள் ஊரில் வீடு வீடாகப் போடும் வாரப் பத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறார். 'நம் ஊரில் புதிய இந்தியக் கடை, முதல் வாடிக்கையாளர் நான்' என்று தலைப்பும் அவரே எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் அது எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் கிடந்தது. நகராட்சி அலுவலகத்து மேசைகளிலும் கிடந்தது. ரோஸ்லினுடைய மேசையில் அதை யாரோ விரித்தே வைத்திருந்தார்களாம். "இது உன் அம்மாவா?" என்று கேட்டுப் பாராட்டினார்களாம். அன்று சாயந்திரம் அவள் வீட்டுக்கு வந்து என்னோடு பேசவில்லை.

6

கட்டடப் பிரிவு அதிகாரி கூப்பிட்டார். உயரமான மனிதர், சைக்கிள் ஹெல்மெட்டை மேசை மேலேயே வைத்திருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அனுமதி இல்லாமல் வியாபாரம் நடந்திருக்கிறது" என்றார்.

"அது வியாபாரம் இல்லை. ஆசீர்வாதம்."

"ஆனால் பணம் வாங்கியிருக்கிறீர்கள்."

"வாங்காவிட்டால் ஆசீர்வாதம் ஆகாது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பணம் வாங்கினால்தான் அது வியாபாரம்" என்று மெதுவாகச் சொன்னார், பிள்ளைக்குச் சொல்வதுபோல. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஏறியதில், மரியாதையாக 'நீங்கள்' என்று பேச வேண்டிய இடத்தில் 'நீ' என்று வந்துவிட்டது. "உனக்கு இது புரியாது" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் நான் எந்த ஆபீசரையும் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் லேசாகச் சிவந்தது, ஆனாலும் எனக்கு 'நீங்கள்' என்றே பதில் சொன்னார்.

"ஒன்று கேட்கலாமா? விண்ணப்பத்துக்காக இல்லை. கடை நன்றாகப் போகாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"மூடிவிட்டு வேறு ஒன்று திறப்பேன்."

கெட்ட வார்த்தை கேட்டவர்போலப் பார்த்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். வடக்கே ஒரு ஊரில் தளவாடக் கடை வைத்திருந்தாராம். நொடித்துப் போனது. கடன் அடைந்த பிறகும் தெருவில் ஆட்கள் அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்களாம், சாவு வீட்டில் பேசுவதுபோல. சாகும்வரை அவர் அந்தக் கடை இருந்த தெரு வழியாகப் போகவே இல்லை. "எங்களுக்கு ஒரு முறைதான்" என்றார் அதிகாரி. "அதனால்தான் எல்லாவற்றையும் முதலிலேயே சரிபார்க்கிறோம்."

கோயில் வாசலில் சகாயத்திடம், அடுத்து என்ன போடப்போற என்று கேட்கும் ஆட்களை நினைத்துக்கொண்டேன். அப்படி நாலு பேர் இருந்திருந்தால் இவருடைய அப்பா அந்தத் தெருவில் நடந்திருப்பார். அந்த நேரத்துக்கு இவர் மேல் இரக்கமாகத்தான் இருந்தது. பிறகு, விதிமீறல் பதிவாகிவிட்டதால் கோப்பு மேலிடத்துக்குப் போகும், பதில் தபாலில் வரும் என்றார். இரக்கம் போய்விட்டது.

7

அந்தப் பதில்தான், தவக்காலமும் பாஸ்காவும் முடிந்த பிறகு, இன்று வந்திருப்பது.

படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். இடத்தை இதுவரை எனக்காகப் பிடித்து வைத்திருந்த கட்டட உரிமையாளர் அங்கே இரண்டு பேரோடு நின்று அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நகல் போயிருக்கிறது. மேலும் காத்திருக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அந்த இடத்தில் தானியங்கி எந்திரங்கள் வரப்போகின்றன. காசு போட்டால் சிப்ஸ் விழும், கூல்டிரிங்க்ஸ் விழும். இரவு பகலாக இயங்கும், ஆள் ஒருவரும் நிற்க மாட்டார்கள். "ஆள் இல்லாததால் சிக்கலும் குறைவு" என்று எனக்கு ஆறுதல்போலச் சொன்னார். மூன்று தொட்டிகளைக் கழற்றி எடுத்துக்கொள்ள இந்த மாதம் முடியும்வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்.

திரும்பி வரும்போது சகாயத்தின் வீடியோவை மறுபடி பார்த்தேன். காலையில் கவனிக்காததெல்லாம் இப்போது கண்ணில் பட்டது. கடைக்குள் மூன்று தொட்டி. ஒட்டிய பாக்கெட், அதன் மேல் தேதி. குளிர்பெட்டி. நான் மாசக்கணக்காகப் புலம்பியதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்திருக்கிறான்! போன் போட்டுக் கத்தினேன்.

"ஏலே, இது என் கடைடா!"

"அதத்தான்க்கா நானும் சொல்லுறேன். ஒன் ஐடியாதான். வார ஆளுக எல்லாம் என்னப்பா, சுத்தமா வச்சிருக்கன்னு கேக்குறாக. எங்கக்கா ஜெர்மனியில இப்படித்தான் வச்சிருக்குன்னு சொல்லிட்டேன்."

"வச்சிருக்குன்னா சொன்ன?"

"பெறகு? வைக்கப்போற தான?"

கையெழுத்து, உரிமம் எல்லாம் வாங்கினாயா என்று கேட்டேன். அதற்கு ஓர் ஆள் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்றான். கிரைண்டருக்கு எர்த் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். அதையும் அந்த ஆளே பார்த்துக்கொள்வானா? "ரெஜினாக்காவ நெனச்சுக்கடா" என்றேன். இன்றைக்கே எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுகிறேன் என்று சத்தியம் செய்தான். அதை ஸ்டெல்லாவிடம் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் தெரிந்தது, நான் ஒரு நகராட்சிபோலப் பேசியிருக்கிறேன்.

சாயந்திரம் ரோஸ்லின் வந்தாள். கடிதம் மேசை மேலேயே இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி ஒரே பார்வையில் படித்து முடித்தாள். அவளுடைய அலுவலகத்துக் காகிதம், அவளுக்குத் தெரியாத வாக்கியம் அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அங்கே பயிற்சி கிடைத்த அன்று எங்கள் அப்பா மேட்டுப்பட்டித் தெருவில் லட்டு கொடுத்தார். பேத்திக்கு ஜெர்மனி சர்க்கார் வேலை என்று இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

'நான் அப்போதே சொன்னேன் அல்லவா' என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர்கள் சொல்வதும் சரிதான் என்பாள். அதற்கும் பதில் இருந்தது.

அவள் கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். "பேக்கரி போய்விட்டதா?" என்றாள்.

"போச்சு. எந்திரம் வைக்கப்போறாங்களாம்."

நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். தன் பையிலிருந்து புதிய விண்ணப்பப் படிவத்தை எடுத்தாள். வரும்போதே கொண்டு வந்திருக்கிறாள். பேனா மூடியைத் திறந்து, முதல் கட்டத்தில் என் பெயரை எழுதினாள். இரண்டாவது கட்டம் கடையின் முகவரி. அங்கே பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்கன, அம்மா?"

மாமாவோடு போனில் பேசிப் பேசி எங்கிருந்து பிடித்தாளோ அந்த வார்த்தையை. இந்த ஊரில் இத்தனை மாதத்தில் ஒருவர்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"இத மொதல்லயே கேட்டுத் தொலச்சிருக்கக் கூடாதாடி?" என்று கத்தினேன். அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை.